ஓடைக்கும் சுவருக்கும் நடுவே பன்னிரண்டு அடி

ஐம்பத்தைந்து முடிந்து, சந்தன மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து என்னை வீட்டுக்கு அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடுகிறது. எனக்குப் பொருத்தமான கடிகாரம்தான். நானும் வேலை பார்த்த காலம் முழுக்க, நடக்கப் போவதற்குப் பத்து நிமிடம் முந்தியே பயந்து முடித்தவன்.

போன வாரம் என் பழைய கிளையிலிருந்து இரண்டு இன்சூரன்ஸ் இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள். "சார், தீக்குப் பாலிசின்னா எடுத்துக்கிறாங்க. கூட வெள்ள ஷரத்தையும் சேத்துக்கங்கன்னா நம்மளப் பாத்துச் சிரிக்கிறாங்க. நீங்க மட்டும் மலை பூராவும் எப்படி எடுக்க வச்சீங்க?" என்று கேட்டார்கள். "பயந்துதான்" என்றேன். வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்து, காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் எதைச் சொன்னாலும் வேடிக்கையாகவே எடுத்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது. அதனால் எழுதிவைக்கிறேன்.

முப்பது வயதுக்குள் ஒரு மில், ஒரு ஜவுளிக்கடை, ஒரு வக்கீல் ஆபீஸ் என்று மூன்று இடங்களிலிருந்து என் வாய் என்னை வெளியே தள்ளியிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் கிளை திறந்த ஒரு தீ இன்சூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே வாய்க்குத்தான் சம்பளம். மதுரையில் மூன்று மாதம் பயிற்சி. பஞ்சு எப்படிப் பற்றும், மண்ணெண்ணெய் டின்னை எங்கே வைக்கக்கூடாது, எரிந்துபோனதாகச் சொல்லும் சரக்கு நிஜமாகவே இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது, எல்லாம் தீயைப் பற்றித்தான். வெள்ளத்துக்கு ஒரே ஒரு பிற்பகல். "சாதாரணத் தீ பாலிசி வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. கொஞ்சம் கூடுதலாகக் கட்டி, வெள்ளத்துக்குத் தனி ஷரத்து சேர்க்க வேண்டும். ஆனால் யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சொல்லி, பாடம் நடத்தியவர் எங்களை டீ குடிக்க அனுப்பிவிட்டார். நானும் அதை யாரிடமும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்வானேன்?

அப்படி நான் சொல்லாமல் விட்டவர்களில் ஒருவர் ஆயக்குடி கருப்பையா. கொய்யாப்பழ வியாபாரி. வாய்க்கால் ஓரத்தில் ஓட்டுக் கொட்டகை, உள்ளே கூடைகளும் வைக்கோலும். வைக்கோல் இருந்ததால் தீக்குப் பயந்தார், நான் பாலிசி எழுதினேன். ஒரு ஐப்பசியில் ஆயக்குடியில் ஒரு பொட்டுத் தூறல் இல்லை. மழை மேலே மலையில் பெய்தது. காலையில் வாய்க்கால் செம்மண் நிறத்தில் எழுந்து வந்து, கொட்டகையையும் அதை ஒட்டியிருந்த வீட்டின் ஒரு சுவரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மூன்றாம் நாள் ஆபீஸுக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து பாலிசியை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரு சொட்டு ஈரம் அதில் இல்லை.

"எல்லாம் போச்சு சார். இதை மட்டும் தலையில வச்சுக் காப்பாத்திட்டேன்."

மேனேஜர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். கருப்பையா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப தண்ணி அழிச்சா அழிவு இல்லைங்களா சார்? நெருப்பு வச்சாத்தான் அழிவா?" என்றார்.

எனக்குப் பயம் வந்தால் வாய் வேடிக்கை பேசும். "ஒரு தீக்குச்சியாவது கிழிச்சுப் போட்டிருக்கலாம்ணே" என்றேன். ஆபீஸில் ஒருவரும் சிரிக்கவில்லை. கருப்பையா அந்தத் தாளை அது முன்பு இருந்த மடிப்பிலேயே மடித்து, பைக்குள் வைத்து, பையின் வாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். இனி எதற்கும் உதவாத ஒரு தாளை ஏன் அத்தனை பதவிசாக மடித்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கன்னிவாடி, பழனி, கொடைக்கானல் என்று பஸ் பஸ்ஸாக ஏறி, தீயை விட்டுவிட்டு வெள்ளத்தைப் பேசினேன். "உங்கள் தலையில் மழை பெய்ய வேண்டியதில்லை ஐயா, மலையில் பெய்தால் போதும். தீ பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரன் குடத்தோடு ஓடி வருவான். வெள்ளம் வந்தால் அவனும் உங்களைப் போலக் கூரைமேல் உட்கார்ந்திருப்பான். கைமாற்று கேட்கக்கூட ஆள் இருக்காது" என்பேன். சிலர் எடுத்தார்கள். பலர், மேகம் கறுத்தால் நான் அண்ணாந்து பார்க்கிற முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு எடுத்தார்கள்.

யார் சொல்லியும் மசியாதவர் இஸ்மாயில் ராவுத்தர். கொடைக்கானல் பஜாரில் பூண்டு வியாபாரம். மன்னவனூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் பூண்டைத் தாளோடு முடிந்து கொண்டுவந்து அவரிடம் போட்டுவிட்டுப் போவார்கள். விற்றதும் பணம் கொடுப்பார். துண்டுச்சீட்டுக்கூடக் கிடையாது, அவர் சொல்தான். ஒரு நாள் தராசை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, நான் ஏழாயிரம் அடி உசரத்துல கடை வச்சிருக்கேன். எனக்கு வெள்ளம் வரணும்னா மொதல்ல மதுரை முழுகணும்."

பஜாரே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுத்த மாதமும் போனேன். அதற்கடுத்த மாதமும் போனேன். கடைசியில், "சரி, எழுதித் தொலைங்க. நீங்க வந்து நின்னா எனக்கு யாவாரம் ஓட மாட்டேங்குது" என்று பணத்தைக் கட்டினார்.

இங்கேதான் என் திருட்டுத்தனம். பாலிசி எழுதுமுன் இன்ஸ்பெக்டர், அதாவது நான், கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து ஒரு அறிக்கை எழுத வேண்டும். அதில் ஒரு கேள்வி: அருகில் ஓடையோ ஆறோ உண்டா, சுவரிலிருந்து எத்தனை அடி? கீழே, 'நேரில் அளந்து எழுதினேன்' என்று கையெழுத்து. ராவுத்தரின் கட்டடம் மலையில் கட்டுகிற வழக்கப்படி முன்பக்கம் ரோட்டை ஒட்டிக் கடை, பின்பக்கம் சரிவில் இறங்கிக் கீழ்க்கட்டில் குடோன். ஓடை குடோனுக்குப் பின்னால். அதை அளக்க வேண்டுமானால் ஈரப் புல்லில் இறங்க வேண்டும். புல்லில் ரத்தம் உறிஞ்சும் அட்டை. எனக்கு அட்டை என்றால் உயிர் போய்விடும். ரோட்டில் நின்றபடியே சுமை தூக்கும் மூக்கையாவைக் கூப்பிட்டு, "ஓடை எவ்வளவு தூரம்யா?" என்றேன். அவன் நின்ற இடத்திலிருந்து கையை நீட்டி, "கெடக்கு, ஒரு நூறடி இருக்கும்" என்றான். டீக்கடையில் உட்கார்ந்து '100' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு பன்னும் தின்றேன்.

அவர் பாலிசி எடுத்த இரண்டாம் வருஷம், அறுபதுகளின் கடைசி. கார்த்திகை முடியப் போகிற நேரம், விடாமல் இரண்டு நாள் மழை. பஜார் வியாபாரிகள் முட்டைக்கோஸின் மேல் இலைகளை உரித்து ஓடையில்தான் எறிவார்கள். அத்தனை இலையும் கிழிந்த சாக்கும் மழையில் விழுந்த ஒரு மரமும் சேர்ந்து கீழே இருந்த சின்னப் பாலத்தின் கண்ணை அடைத்துவிட்டன. போக வழியில்லாத தண்ணீர் திரும்பி ஏறி ராவுத்தரின் கீழ்க்கட்டுக்குள் புகுந்தது. மதுரை முழுகவில்லை.

தந்தி வந்ததும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ஏழாயிரம் அடியில் வெள்ளமா? கூரை ஒழுகியிருக்கும்யா. ஒழுகலுக்கு இந்த ஷரத்தில் பணம் கிடையாது. பாதை திறந்ததும் சேதத்தை மதிப்பிட மதுரையிலிருந்து சர்வேயர் தேவசகாயம் வருகிறார். இந்தப் பைலைக் கொண்டுபோய் அவரிடம் கொடு" என்றார்.

பைலுக்குள் என் அறிக்கை. அறிக்கைக்குள் என் நூறு அடி. ஓடை நூறு அடிக்கு அப்பால் என்றால் வெள்ளம் வந்தது என்பதை யாரும் நம்பமாட்டார்கள். ஓடை அருகில்தான் என்றால், ராவுத்தர் பொய் சொல்லிப் பாலிசி வாங்கினார் என்பார்கள், அல்லது நான் பொய் எழுதினேன் என்பார்கள். மலைச்சரிவு நழுவிப் பாதை அடைபட்டுக் கிடந்த ஏழு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மஞ்சள் காமாலை வருமா என்று கண்ணாடியில் கண்ணை இழுத்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

எட்டாம் நாள் வெள்ளனே பஸ் ஏறினேன். வத்தலக்குண்டு தாண்டியதும் ஒரு யோசனை. நூறில் ஒரு சைபரைச் சுரண்டிவிட்டால் பத்து. ஒரே ஒரு சைபர்! சட்டைப்பையில் பென்சில் சீவும் பிளேடு இருந்தது. டம்டம் பாறைக்கு மேல், மடியில் பைலை விரித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு கடைசிச் சைபர்மேல் பிளேடை வைத்தேன். பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. பிளேடு கட்டைவிரலில் இறங்கியது. ரத்தம் சொட்டென்று, குறி பார்த்தது போல், அந்தச் சைபரின் தலையிலேயே விழுந்தது. மேலாபீஸில் இதன் நகல் ஒன்று இருக்கிறது என்பது பெருமாள்மலை வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கொடைக்கானலில் இறங்கி, விரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு குடோனுக்குள் நுழைந்தேன். நான்கு சுவரும் பளிச்சென்று வெள்ளையடித்திருந்தது!

"என்ன ராவுத்தரே இது?"

"பெருநாளுக்கு இன்னும் அஞ்சு நாள்தான தம்பி கெடக்கு? வருசா வருசம் அடிக்கிறதுதான். அதுலயும் அழுகுன பூண்டு நாத்தம், பஜார்ல ஒருத்தன் நிக்க முடியல. எல்லாத்தையும் வெரசா அள்ளிக் கொட்டிட்டு, கழுவி, அடிச்சுட்டேன். வர்ற ஆபீசருக்குச் சுத்தமா இருக்கட்டுமேன்னு."

வெள்ளத்துக்குச் சாட்சி சுவர்தான். தண்ணீர் ஏறி நின்ற இடத்தில் சமமாக ஒரு கோடு விழும். கூரை ஒழுகினால் மேலிருந்து கீழே தாரை தாரையாகக் கறை இருக்கும். அந்தச் சாட்சியை அவர் தாமே செலவழித்து, சுண்ணாம்பில் நீலம் கலந்து அழித்திருந்தார்.

வாசல் படியில் செல்லம்மா என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். மன்னவனூரில் பூண்டு போடுகிறவர். ராவுத்தரிடம் சரக்குப் போட்ட பன்னிரண்டு குடும்பங்களுக்காக வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏப்பா, எங்க பூண்டு முழுகிப்போச்சு, நாங்களே கல்லுக் கணக்கா உக்காந்திருக்கோம். ஒனக்கு என்ன முழுகிப்போச்சுன்னு இந்த நடுக்கம் நடுங்குற?" என்றார்.

சர்வேயர் தேவசகாயம் குடையோடு வந்து சேர்ந்தார். ஒல்லியானவர். வேலை தொடங்குமுன் ஒரு டீ குடிப்பார், டம்ளர் காலியாகும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. இது தென் மாவட்டத்து இன்சூரன்ஸ்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அன்றைக்கு டீ வந்தது. டம்ளரை எடுத்தவர் ராவுத்தரின் உலர்ந்த உதட்டைப் பார்த்தார்.

"நோன்பா?"

"ஆமாங்க. அதுக்கென்ன, நீங்க குடிங்க."

"நீங்கள் பசியோடு நிற்கும்போது நான் உறிஞ்சவா?" என்று டம்ளரை அப்படியே கீழே வைத்தார். டீ குடிக்காத தேவசகாயத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. என் பயம் இரண்டு மடங்காயிற்று.

அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கூரை, பிறகு சுவர், பிறகு தரை, பிறகு சரக்கு, கடைசியில் மனிதர்கள். "மனிதர்களைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். அவர்கள் நகராமல் நிற்கிற பொருள்கள் இல்லை" என்பார். சுவரை விரல் முட்டியால் தட்டினார். கட்டைவிரலால் தேய்த்து, நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார். புதுச் சுண்ணாம்பு. மேனேஜர் நினைத்ததையே அவரும் நினைக்கத் தொடங்கினார் என்பது அவர் மூச்சு விட்டதில் தெரிந்தது.

"சரக்கையும் கொட்டிவிட்டீர்கள், சுவரையும் அடித்துவிட்டீர்கள். தண்ணீர் கீழே இருந்து வந்ததா, மேலே இருந்து வந்ததா என்று நான் எதைப் பார்த்து எழுதுவது?"

"அல்லா மேல சத்தியமா ஓடைத் தண்ணிங்க."

"அவர் கையெழுத்து இந்தப் படிவத்தில் கிடையாது" என்றார் தேவசகாயம், மரியாதையாகவே.

ராவுத்தர் குனிந்துகொண்டார். ஏழு நாளாக என் வேலையை நினைத்தே பயந்துகொண்டிருந்த எனக்கு அப்போதுதான், இவர் சொல்லை நம்பிய பன்னிரண்டு அடுப்புகளும் இதில் இருக்கின்றன என்பது உறைத்தது.

செல்லம்மா படியிலிருந்து எழுந்து உள்ளே வந்தார். "ஏன் சாமி, கீழயே பாத்துக்கிட்டிருக்கீக? அண்ணாந்து பாருங்க."

பார்த்தோம். தகரக் கூரைக்குக் கீழே, விட்டத்தில், விதைக்கென்று நிறுத்திவைத்த பூண்டுக் கொத்துகள் வரிசையாகத் தொங்கின. மேல்மலையில் விதைப் பூண்டைத் தரையில் போடமாட்டார்கள், எப்போதும் உயரத்தில்தான். தேவசகாயம் ஏணி கேட்டார். ஏறி ஒரு கொத்தைத் தொட்டார். சலசலவென்று சத்தம் கேட்டது. தோல் காகிதம்போல் காய்ந்திருந்தது. நாலு மூலைக்கும் ஏணியை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு கொத்தாகக் காதருகே வைத்து ஆட்டினார்.

"கூரை ஒழுகவில்லை" என்றார் ஏணியிலிருந்தபடியே. "சரி. ஆனால் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது? கணுக்கால் அளவா, கழுத்தளவா? அதைப் பொறுத்துத்தானே சரக்குச் சேதம்?"

"வெள்ளையடிக்கிறவன் என்னைக்குங்க பீரோவைத் தள்ளி அடிச்சிருக்கான்?" என்றார் செல்லம்மா. "ஏலே மூக்கையா, மரம் கணக்கா நிக்காம அந்த மர பீரோவைத் தள்ளுறா."

மூக்கையாவும் நானும் தள்ளினோம். பின்னால் பழைய சுவர், வெள்ளை படாமல் நின்றது. அதில் என் வயிற்றுக்கு நேராக, நூல் பிடித்தது போல், செம்மண் கோடு. கோட்டுக்குக் கீழே ஒரு கோஸ் இலை காய்ந்து ஒட்டியிருந்தது. தேவசகாயம் அந்த இலையைக் கிள்ளி ஒரு உறைக்குள் போட்டார்.

"இனி ஓடை" என்றார்.

டேப்பின் ஒரு முனையைச் சுவரில் மூக்கையா பிடித்தான். தேவசகாயம் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அட்டைப் புல்லுக்குள் சாதாரணமாக இறங்கினார். "பன்னிரண்டு அடி, நாலு அங்குலம்" என்று குரல் கொடுத்தார். திரும்பி வந்து என்னிடம் கையை நீட்டினார்.

"பைல்."

நான் பைலைக் கொடுக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அளக்காமல் எழுதியதை, அட்டையை, டீக்கடையை, பிளேடை, தின்ற பன்னைக்கூட விடவில்லை. "ராவுத்தரிடம் நான் எதையுமே கேட்கவில்லை சார். தூரத்தை அவர் சொல்லவும் இல்லை. எல்லாம் என் கைவேலை" என்று முடித்தேன்.

தேவசகாயம் என்னைப் பார்த்தார். "நான் இன்னும் பைலைத் திறக்கவே இல்லையே."

பிறகு திறந்தார். "இது என்ன?"

"என் ரத்தம், சார்."

"சைபர்மேல் மட்டும் சரியாகச் சிந்தியிருக்கிறது."

"பாவம், பயத்துல கையை அறுத்துக்கிருச்சு" என்றார் செல்லம்மா. ராவுத்தர் எனக்கு வைத்திருந்த டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார். குடிக்கத் தைரியம் வரவில்லை.

தேவசகாயம் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். தூரம் தவறாகப் பதிவானது கம்பெனி ஊழியரின் அலட்சியம், பாலிசிதாரர் மறைத்தது எதுவும் இல்லை, தண்ணீர் ஓடையிலிருந்து வந்தது, நின்ற உயரம் இவ்வளவு. எழுதிவிட்டு என் பக்கம் பார்க்காமல் சொன்னார்: "நீர் வாய் திறக்காமல் இருந்திருந்தால், மேலாபீஸில் உம்முடைய நூறையும் என்னுடைய பன்னிரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இவரைப் பொய்யர் என்று முடிவு கட்டியிருப்பார்கள். உம் வேலையைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. அதை அவர்கள் எழுதுவார்கள்."

எழுதினார்கள். ஒரு வருஷச் சம்பள உயர்வு நின்றது. இனி எந்தக் கட்டடமானாலும் கையால் படம் வரைந்து, நான்கு பக்கமும் அளந்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவும் வந்தது. பெருநாள் கழிந்து இரண்டு மாதத்தில் ராவுத்தருக்குப் பணம் வந்தது. அன்றைக்கே மன்னவனூருக்கு ஆள் அனுப்பினார். கோஸ் வியாபாரிகள் மூவரின் குடோன்களும் அதே தண்ணீரில்தான் நின்றன. அவர்கள் கையில் தீ பாலிசி மட்டும் இருந்தது. அந்த மூன்று வாசல்களிலும் நான் கருப்பையாவின் முகத்தை மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை வேடிக்கை பேச வாய் வரவில்லை.

ஆகவே, கேட்டுப் போன தம்பிகளே, சொந்தமாகச் சுவர் வைத்திருக்கிறவர்களிடம் நிறையப் பேசாதீர்கள். 'உங்கள் பாலிசியில் வெள்ளம் என்ற சொல் இருக்கிறதா, எடுத்துக் காட்டுங்கள்' என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் தேடிக்கொண்டிருக்கும்போது டேப்பை எடுத்துக்கொண்டு ஓடை வரை இறங்குங்கள்.

மறு வருஷம் பாலிசியைப் புதுப்பிக்க ராவுத்தர் கடைக்குப் போனேன். தராசை நிறுத்திவிட்டு எழுந்தார். "வாங்க, சேந்தே அளப்போம்" என்று டேப்பின் ஒரு முனையை வாங்கிக்கொண்டார். பீரோ தள்ளியே கிடந்தது. அந்த இடத்தில் மட்டும் வெள்ளையடிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார் போலும். கோடு அப்படியே இருந்தது. அவர் சுவரோரம் நிற்க, நான் கண்ணை மூடிக்கொண்டு புல்லில் இறங்கினேன்.

"பன்னெண்டு அடின்னு எழுதினா, போன தடவையைவிடக் கூடுதலாக் கட்டணும் ராவுத்தரே" என்று ஓடையோரத்திலிருந்து கத்தினேன்.

"மதுரை முழுகல தம்பி, நான்தான் முழுகிட்டேன்" என்றார். "எழுதுங்க, பன்னெண்டு."

நின்ற இடத்திலேயே அந்தக் கட்டத்தில் பன்னிரண்டு என்று எழுதி, 'நேரில் அளந்து எழுதினேன்' என்பதன் கீழ் கையெழுத்தும் போட்டேன். அதுவரை காலைப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தேன். மூன்று அட்டை. பஜார் முழுக்கக் கேட்கும்படி அலறினேன்.